குளிர்ப்பெட்டியின் சாவி

தபீதாள் ஞானஜோதி, 1908–1977.

காலைப் பாலைக் காய்ச்சி இறக்கியதும் முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் சாவியை வாங்கிவரப் புறப்படுவார். இரும்புலியூரில் அன்று குளிர்ப்பெட்டி இருந்த வீடுகளே சில. அதைப் பூட்டிச் சாவியைப் பிறர் கையில் ஒப்படைத்திருந்த வீடு அது ஒன்றுதான். ஜி.எஸ்.டி. சாலையோரம் காந்தாவின் சோடா, கலர் கடையில், சோடா உடைக்கும் கட்டை மாட்டிய ஆணியிலேயே சாவியும் தொங்கும்.

"பொட்டி உன்னுது, சாவி என்னுது. நல்லா கீதும்மா நாயம்" என்பாள் காந்தா.

"லைன்ல இரு, வந்துடறேன்" என்று சாவியோடு திரும்புவார்.

அது தொழில் விட்டுச்சென்ற பேச்சு. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். காதுக்கருவி அழுத்திய இடது காது சற்றே மடிந்திருக்கும். தலையும் அந்தப் பக்கமே சாயும். எந்த உரையாடலையும் "பேசி முடிச்சாச்சா?" என்று கேட்காமல் துண்டிக்கமாட்டார். வீட்டுக்கு வந்து நெடுநேரம் ஜெபம் செய்த போதகரிடமும் அதையே கேட்டதாகச் சபையில் ஒரு சிரிப்பு உண்டு.

ஓய்வு பெற்றது 1966இல். சர்க்கரை நோய் அதற்கும் முந்திய கூட்டாளி. சர்க்கரை அளவறியக் கண்ணாடிக் குழாயில் மருந்துநீரோடு சிறுநீரைக் காய்ச்சி நீலமா, பச்சையா, செங்கல் நிறமா என்று பார்ப்பதும், ஊசியைக் கொதிநீரில் இட்டு எடுப்பதும் அலுவலகக் கடமைபோல் நடந்தன. வீட்டில் அப்போது குளிர்ப்பெட்டி இல்லாததால், இன்சுலின் புட்டி மட்டும் காந்தாவின் கடைக் குளிர்ப்பெட்டியில், கலர் பாட்டில்களுக்கு நடுவே இருந்தது.

மறு ஆண்டு மழைக்காலத்தில் வேறொன்று வந்தது. விழிப்பு வரும், எழ மனம் வராது. இரண்டு நாள் புட்டியைத் தேடி அவர் வரவில்லை. காந்தா கடைப்பலகையை அடைத்துவிட்டு, புட்டியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தாள்.

"இன்னாம்மா, சக்கரை ஏறிக்கிச்சா?"

"இது சக்கரை இல்ல, காந்தா. எதுக்கு எழுந்திருக்கணும்னே தெரியல. இதை யார்கிட்ட சொல்றதுன்னும் தெரியல."

"என்னாண்ட சொல்லிட்ட இல்ல? பொடவைய மாத்து. டாக்டராண்ட போலாம்."

மருத்துவர் முழுவதும் கேட்டார். "இதுவும் நோய்தாம்மா. சோம்பேறித்தனமும் இல்ல, விசுவாசக் குறைவும் இல்ல" என்றார். அந்த இரண்டாவது சொல்லுக்குத்தான் ஞானஜோதி அம்மாள் அழுதார். மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவர், சர்க்கரையும் சோர்வும் ஒன்றையொன்று வளர்க்கும் என்றும், காலையில் ஒரு முகத்தையாவது பார்த்தாக வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். முகம் காந்தாவினுடையது என்று முடிவாயிற்று. மாதந்தோறும் மின்ரயிலில் மருத்துவமனைக்கு உடன் சென்றவளும் அவளே.

1970இல் மகன் ஜெபராஜ் ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்து குளிர்ப்பெட்டி வாங்கிக்கொடுத்தார். "மருந்து இனிமே கடையில கிடக்க வேண்டாம்மா." காந்தா புட்டியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இனிமே இந்தப் பக்கம் இன்னாத்துக்கு வரப்போற" என்றாள், சிரிக்கவில்லை.

பெட்டி வந்த முதல் வாரத்திலேயே ஒரு நாள், வெயில் கட்டில்மேல் ஏறும்வரை அம்மாள் படுத்துக் கிடந்தார். யாரும் கதவைத் தட்டவில்லை. தட்ட யாருக்கும் காரணம் இல்லை. அந்த வசதி எங்கே கொண்டுபோய் விடும் என்பது அவருக்குத் தெரியும். எழுந்து ஊசி போட்டு, உண்டு, பெட்டியைப் பூட்டினார். இரண்டு சாவிகளையும் எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தார்.

ஜெபராஜுக்குப் பிடிக்கவில்லை. "சொந்தப் பெட்டியத் திறக்க ரோட்டுக்குப் போகணுமா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நான் எழுந்தேனான்னு கேக்க ஒரு ஆள் வேணும். பெட்டி கேக்காது."

ஏற்பாட்டை அவரே வகுத்தார். காலையில் சாவியை வாங்க வராவிட்டால் காந்தா வரவேண்டும். ஊசி போட்டு உணவு உண்டபின் சாவி திரும்பி வராவிட்டாலும் வரவேண்டும். முன்னது சோர்வுக்கு, பின்னது சர்க்கரை திடீரென இறங்கும் ஆபத்துக்கு. பின்னது ஒருமுறை பயன்பட்டது. ஊசி போட்டதும் விருந்தினர் வந்துவிட, அவர்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்தவர், தொடாத இட்டிலியின் முன் வியர்த்து, சொல் குழறி இருந்தார். உடைத்த ஆரஞ்சுக் கலரோடு ஓடிவந்த காந்தா, மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தாள். நினைவு தெளிந்ததும் அவர் கேட்டது, "பேசி முடிச்சாச்சா?"

"இன்னும் பேசவே ஆரம்பிக்கல. குடி மொதல்ல."

சோர்வு அடியோடு ஒழியவில்லை. ஆனால் வந்தால் தங்குமிடம் இல்லாது போயிற்று. சில நாள் தலை வாராமல், வாய் திறவாமல் கடைமுன் நிற்பார்.

"இன்னா, இன்னிக்கி லைன் இல்லியா?"

"அறுந்து கிடக்கு."

"கெடக்கட்டும். சாவிய புடி."

சாவியைத் திருப்பித் தருகையில் அவர் அதை ஆணியில் மாட்டுவதில்லை, பலகைமேல் வைப்பதுமில்லை. காந்தாவின் ஈர உள்ளங்கையை விரித்து, சாவியை அதில் வைத்து, அவள் விரல்களைத் தம் கையாலேயே மூடுவார். கடைசியாக அவ்வாறு மூடியது 1977 மார்ச் 9, புதன்கிழமை.