கம்பெனி புஷ்ஷும் லேத்து புஷ்ஷும்: எரியோடு முதல் ஆயக்குடி வரை

என் பேரனும் அவன் கூட்டாளிகளும் பழைய கார்களைத் தேடிப் பிடித்து, பளபளவென்று ஆக்கி, வரிசையாக ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அடுத்த மாதம் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு அப்படி ஒரு பயணம் இருக்கிறதாம். சாமான் மாற்றும்போது கம்பெனி ஏஜென்டிடம் வாங்குவதா, வெளியில் செய்ததை வாங்குவதா என்று ஒரு வாரமாக வீட்டுக் கூடத்தில் சண்டை போடுகிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதே சாலையில் அதே மாதிரி ஒரு காரில் நான் அறுபத்திரண்டாம் வருஷம் வந்தேன். படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தது இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

வைகாசி மாதம், என் கல்யாணத்தன்று. எரியோட்டில் காலை ஆறரை மணிக்குத் தாலி கட்டியானது. மாப்பிள்ளை வீடு ஆயக்குடி. மொத்தம் நாற்பத்தைந்து மைல், இன்றைய கணக்கில் எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. என் பக்கத்துச் சனங்கள் பஸ்ஸில் கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளையிடம் சொந்தக் கார் இருந்தது. கருப்பு நிறம், இங்கிலாந்தில் செய்தது, எனக்கு இரண்டு வயது மூத்தது. கொடைக்கானல் தோட்டத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றதை என் மாமனார் வாங்கிப் போட்டிருந்தார்.

நிச்சயத்தின்போதே என் அப்பா அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏன் மாப்ள, இம்புட்டுப் பழசா இருக்கே, புள்ளைய வச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னுறாதே?"

"நிக்காதுங்க மாமா. ஒரு ஆணி கூட வெளிச் சாமான் கெடையாதுங்க. எல்லாம் கம்பெனி."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அப்பா என்னைக் காரில் அனுப்பினார்.

ஓட்டியது என் வீட்டுக்காரர். பின் சீட்டில் நானும் அவருடைய அத்தையும். மாமியார் இல்லாத வீடு அது. அத்தை வைத்ததுதான் சட்டம். வண்டி கிளம்பும்போதே சட்டத்தையும் சொல்லிவிட்டார்.

"ஏறுன வண்டியில இருந்து நம்ம வாசல்லதான் எறங்கோணும் கண்ணு. நடுவுல மண்ணுல கால் வெக்கப்படாது. பொழுது சாயறதுக்குள்ள போயி வெளக்கேத்தீரோணும். நாளைக்கு அஷ்டமி, நாளன்னிக்கு நவமி. இன்னிக்கு விட்டுட்டா மூணு நாளைக்குப் பொண்ணு வீட்டுக்குள்ள வர முடியாது, பாத்துக்க."

விடிந்தால் ஊர் முழுக்கப் பேசும். மூன்று நாள் பங்காளி வீட்டில் ஒரு மூலையில், பட்டுச்சேலையோடு நான். புது மருமகளுக்கு இதைவிட ஒரு தலைகுனிவு வேண்டாம்.

தாடிக்கொம்பு கோபுரம் தெரிகிற இடத்தில் முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. அவர் இறங்கிப் பார்த்தால் தண்ணீர் பம்பு ஒழுகுகிறது, சொட்டுச் சொட்டாக இல்லை, ஓடுகிறது. எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடுகிற சாமான் அது. அது ஒழுகினால் எஞ்சின் கொதித்துவிடும். குடகனாற்றில் மணல்தான் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து இரண்டு குடம் வாங்கி ஊற்றினார். ஒன்றரை மைல் போனோம். மறுபடி நின்றது. மறுபடி கிணறு. திண்டுக்கல் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கார் ஏழு குடம் குடித்தது. நான் ஒரு வாய் குடிக்கவில்லை. குடித்தால் இறங்க வேண்டிவரும், இறங்கக்கூடாதே! நகை கழுத்தை அறுக்க, மாலை வாடி நாற, வெயில் தகரத்தில் இறங்க, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

திண்டுக்கல்லில் பஸ் நிலையத்துக்கு மேற்கே ஒரு ஒர்க்‌ஷாப். பக்கத்தில் பூட்டுப் பட்டறை, விடாமல் அரம் தேய்க்கிற சத்தம். மணி பத்தரை இருக்கும். வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள். மேஸ்திரி வந்து பானட்டைத் தூக்கினவர் உள்ளே என்னைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"ஏன் அப்பு, பொண்ணு உள்ள இருக்கே! எறங்கச் சொல்லுங்க. நெழல்ல பாய் போட்டுத் தாறேன்."

"எறங்க மாட்டா" என்றார் அத்தை. "நீ முன்னால பாரு."

"சரித்தா. பொண்ணோட சேத்தே ரிப்பேர் பாக்குறேன்."

வேலையாட்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பம்பைக் கழற்றினார்கள். அதற்குள் ஒரு தண்டு சுற்றுகிறது. அந்தத் தண்டைப் பிடித்துக்கொண்டு வளையல் மாதிரி ஒரு புஷ் இருக்கிறது. புஷ் தேய்ந்தால் தண்டு ஆடும், ஆடினால் ஒழுகும். அவ்வளவுதான் சங்கதி. பின் சீட்டில் உட்கார்ந்தே நான் கற்றுக்கொண்டது இது.

"செத்த நேரம் இருங்க, லேத்துல குடுத்து ஒரு புஷ் கடஞ்சு வாங்கிருவோம்" என்றார் மேஸ்திரி. இரும்பைச் சுற்றவிட்டுச் சீவிக் கடைகிற மிஷின்தான் லேத்து.

என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "வெளிச் சாமான் நம்ம வண்டிக்கு ஏறாதுங்க மேஸ்திரி. கம்பெனிதானுங்க போடோணும்."

கம்பெனி ஏஜென்டு கடை ஊருக்குள் ஒன்று இருந்தது. நடந்தே போனார். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தாராம், காத்திருந்து வாங்கி வந்தபோது மணி ஒன்று. சின்ன அட்டைப் பெட்டி, உள்ளே எண்ணெய்த் தாள் சுற்றிய புஷ், பதினோரு ரூபாய். மேலே இங்கிலீஷ் எழுத்து. கோவில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார்.

மேஸ்திரி புஷ்ஷைப் பம்புக்குள் அடித்து இறக்கினார். கச்சிதமாக உட்கார்ந்தது. தண்டை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தார். கோவில் மணியின் நாக்கு மாதிரி ஆடியது.

"ஏனுங்க, கம்பெனிச் சாமானுங்களே அது!"

"புஷ் கம்பெனிதான். அதுல குத்தம் ஒண்ணுமில்ல, அளவு சுத்தமா இருக்கு. உங்க தண்டுதான் கம்பெனி அளவுல இல்ல. யாரோ ஏற்கெனவே லேத்துல சீவி இதை ஒல்லியாக்கியிருக்காக. ஒல்லித் தண்டுக்கு இந்த ஓட்டை பெருசு."

"எங்க வண்டியில லேத்து வேலையே கெடையாதுங்க!"

"அப்ப தண்டு தானா எளச்சுப் போச்சாக்கும்? மருமக வாரான்னு பத்தியம் இருந்துச்சோ?"

என் வீட்டுக்காரர் வாதாடிக்கொண்டே இருந்தார். மெட்ராஸுக்கு எழுதி கம்பெனித் தண்டு வரவழைத்தால் எத்தனை நாளாகும் என்று கேட்டார். எட்டு நாளும் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம், வெளிநாட்டுச் சாமான் வரத்தே நின்றுபோச்சு என்றார் மேஸ்திரி. அப்போது என் பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அத்தை சன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு வாயைத் திறந்தார்.

"ஏங் கண்ணு அவங்கூட மல்லுக்கு நிக்கறே. போன தைப்பூசத்துல நீ கோயமுத்தூர் போயிருந்தயல்லோ, அப்ப வண்டி ஒழுகுச்சு. நாந்தான் பழனியில குடுத்துச் சீவிப் போடச் சொன்னேன். ஓடுச்சல்லோ?"

"ஏனத்தே, எங்கிட்டச் சொல்லவே இல்லியே!"

"சொன்னா நீ விட்டிருப்பயா?"

என் வீட்டுக்காரர் கையில் அந்த அட்டைப் பெட்டி. மெல்லத் திரும்பி, அன்று முதல்முறையாக, என்னைப் பார்த்தார். அப்பாவிடம் சொன்னதை நானும் கேட்டிருந்தேன் என்று அவருக்குத் தெரியும். தப்பு என்றுகூட நான் நினைக்கவில்லை. அவருக்கே தெரியாததைத்தானே சொல்லியிருக்கிறார். ஆனால் மனிதர் அசையவில்லை. ஏஜென்டு கடையில் இன்னொரு முறை கேட்டுவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினார். மணி இரண்டு. இன்னும் முப்பத்திரண்டு மைல் இருந்தது. இவர் போய்த் திரும்பினால் பொழுது அங்கேயே சாய்ந்துவிடும்.

"ஏங்க" என்றேன்.

நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஒர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்த்தது.

"வெளிச் சாமானையே போடச் சொல்லுங்க. எனக்குக் காலு ரெண்டும் மரத்துப் போச்சு."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேஸ்திரி காத்திருக்கவில்லை, தண்டை எடுத்துக்கொண்டு லேத்துக்குப் போய்விட்டார். அந்த ஒல்லித் தண்டையே அளவாக வைத்து வெண்கலத்தில் ஒரு புஷ் கடைந்து வந்தார். நான்கு ரூபாய். மாட்டி, தண்ணீர் ஊற்றி, கிளப்பிப் பார்த்தபோது மணி நாலேகால். ஒரு சொட்டு விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

"போகப் போக இழைஞ்சு ஒக்காந்துக்கிரும். வெரட்டாம ஓட்டுங்க" என்றார்.

விரட்டாமல்தான் ஓட்டினார். ஒட்டன்சத்திரம் வரை மூன்று இடத்தில் நிறுத்தித் தண்ணீர் பார்த்தார். மேற்கே போகிற சாலை, சூரியன் நேராகக் கண்ணாடியில். அது இறங்குவதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே போனோம். ஆயக்குடிக் கொய்யாத் தோப்புகள் வந்தபோது அது மறைந்தேவிட்டது. வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள், முகம் தெரியவில்லை. கூட்டத்தில் ஒரு கிழவி, "பொழுது போயிருச்சே, இனி எப்படி உள்ள வாறது?" என்று ஆரம்பித்தாள்.

என் வீட்டுக்காரர் எஞ்சினை நிறுத்தவில்லை. கையை நீட்டி முன் விளக்கைப் போட்டார். வாசல், கோலம், வாழைமரம், கிழவியின் மூக்குத்தி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

அத்தை கதவைத் திறந்தார். "வெளிச்சம் இருக்குதல்லோ? எறங்கு கண்ணு."

வலது காலை வைக்கச் சொன்னார்கள். எது வலது என்று எனக்கே தெரியவில்லை, இரண்டும் கட்டை. அத்தைதான் பாதத்தைப் பிடித்து மண்ணில் வைத்தார். விளக்கேற்றினேன். அப்புறம் ஒரு செம்புத் தண்ணீர், மூச்சுவிடாமல்.

பழைய காரில் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கம்பெனி உசத்தியா வெளிச் சாமான் உசத்தியா என்று கடை வாசலில் நின்று பேசாதீர்கள். முதலில் கழற்றுங்கள். உள்ளே இருப்பது யார் கை பட்டது என்று பாருங்கள். புஷ் வாங்கப் போகும்போது தண்டையும் கையில் கொண்டுபோங்கள். கம்பெனித் தண்டு இருந்தால் கம்பெனி புஷ் போடுங்கள், அதைப்போல வராது. ஒருமுறை சீவிவிட்டால் அப்புறம் கடைந்ததுதான் சேரும். கார் உங்களுக்கு முன்னால் யாரிடம் இருந்தது, அவர் ஊரில் இல்லாதபோது யாரிடம் இருந்தது என்பதையும் விசாரியுங்கள். திண்டுக்கல் தாண்டினால் பெரிய ஒர்க்‌ஷாப் ஒட்டன்சத்திரத்தில்தான். தண்ணீர் இரண்டு கேன் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று வண்டிக்கு, ஒன்று பின் சீட்டில் இருப்பவளுக்கு. நடுவில் அவளை இறக்கிவிடுங்கள்.

அந்த லேத்து புஷ் அந்தக் காரை விற்கும் வரை ஓடியது. என் அப்பா வரும்போதெல்லாம் பானட்டைத் தட்டி, "எல்லாம் கம்பெனிதானே மாப்ள?" என்று கேட்பார். "எல்லாம் கம்பெனிதானுங்க மாமா" என்பார் இவர், என் பக்கம் பார்க்காமல். நான் காப்பி போட உள்ளே போய்விடுவேன். அங்கே எனக்கு முன்னாலேயே அத்தை நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார்.