நாயிடம் கேட்ட மன்னிப்பு

தேவாலாப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் காமன் பண்டிகை அன்று மட்டும் எவனுக்கும் வாய்ப்பூட்டு கிடையாது. கோமாளி வேஷம் கட்டியவன் துரையைத் திட்டலாம், எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரியைக் கிழிக்கலாம். காமனை எரிக்கிற வரைக்கும் எதுவும் குற்றமில்லை. எரித்த பிறகு பழையபடி வாயை மூடிக்கொள்ள வேண்டும். கோமாளி நான்தான். ஃபேக்டரியில் எனக்குத் தேயிலை வாட்டுகிற வேலை. வாயோ ஊரையே வறுக்கும்.

வெள்ளைக்காரத் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். அவரைப் போலவே நான் குடித்துத் தள்ளாடிக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பார். நல்ல மனுஷன் என்று நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கையில்தான் அந்த வருஷம் அவருடைய நாயைக் கேலியில் இழுத்தேன்.

அந்த நாய்க்குப் பங்களாவில் தனி நாற்காலி உண்டு. எங்களுக்குப் பங்களா வாசலில் செருப்போடு நிற்கக்கூட அனுமதி இல்லை. மேஸ்திரி அந்த நாய்க்குச் சலாம் வைப்பார்; நான் கண்ணால் பார்த்தது. ஆகவே நான் நாயாகி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்தேன். மேஸ்திரி வேஷத்தில் வந்து சலாம் வைத்த கூட்டாளியிடம், "நாளைக்கு வாய்யா, இப்ப எனக்கு நேரமில்லை" என்றேன். சனம் புரண்டு சிரித்தது. துரை எழுந்து போய்விட்டார். காமன் எரிவதற்குக்கூட நிற்கவில்லை.

மறுநாள் காலை, பேர் கூப்பிட்டு எங்களை வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களத்துக்குத் துரை நாயோடு வந்தார். அவர் சொன்னதைக் கிளார்க்கு ஐயா தமிழில் சொன்னார்.

"என்னைப் பத்தி என்ன வேணாலும் பேசட்டும், அது அவன் உரிமைங்கிறார். நாய் வாயில்லாத ஜீவன், திருப்பிப் பேசாது, அதைக் கேலி பண்ணறது அநியாயமாம். எல்லார் முன்னாலயும் அதுகிட்ட மன்னிப்புக் கேளு. இல்லீன்னா வேலையும் இல்லை, நீ குடியிருக்கிற லைன் ஊடும் இல்லை."

வருஷம் முழுக்கத் திருப்பிப் பேசாத நாங்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றிருந்தோம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே பயமும் வந்தது, பொய் சொல்வானேன். என் மனைவி நிறைமாதம். பின்னாலிருந்து அவள் கிசுகிசுத்தாள்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்துருங்க. இந்த வவுத்தோட நான் எங்க போறது?"

நாய் முன்னால் கைகூப்பினேன். "தப்புத்தானுங்க, மன்னிச்சுப்போடுங்க." அது காதைச் சொறிந்தது. அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது? வேலை உண்டா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"ஐயா, நாய் மன்னிச்சிருச்சுங்களான்னு துரையைக் கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.

கிளார்க்கு ஐயா அதை அப்படியே இங்கிலீஷில் கேட்டுவைத்தார். துரை குனிந்து நாயின் முகத்தை உற்றுப் பார்த்தார். யோசித்தார். பிறகு நிமிர்ந்து, மன்னித்துவிட்டது என்று தலையை ஆட்டினார்.

பெரட்டுக் களமே வெடித்துச் சிரித்தது. மேஸ்திரி தலைப்பாகைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். துரையின் முகம் சிவந்தது. காமன் எரிந்து சாம்பலான பிறகு சிரிக்கிறவர்களைச் சும்மா விடக்கூடாதுதான். ஆனால் அத்தனை பேரையும் விரட்டினால், கொழுந்து பறிக்க அந்த நாய்தான் மிச்சம்.