நல்லா இருக்கேன்னு சொல்லிட்டாரு

காய்ச்சலுக்கு ஒப்புதல் வாங்கித் தருவது இரண்டு நிமிட வேலை. மனசுக்கு வாங்கித் தருவதற்குள் எனக்கே ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். மலேசியாவில், அலோர் காஜா என்ற ஊரில் ஒரு கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து, அரசாங்கக் காப்புறுதி அட்டையோடு வருகிறவர்களுக்காகப் போன் போட்டு ஒப்புதல் எண் வாங்குவது என் பிழைப்பு. அந்தக் காத்திருப்பு இசையைக் கேட்டு ஒரு தடவையாவது பல்லைக் கடித்தவர்களே, நீங்களும் நானும் உறவுக்காரர்கள். போன மாதம் ஒரு காலையில் நடந்ததைக் கேளுங்கள்.

எந்தப் பாகம்?

சரோஜா அக்கா புருஷனைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். மணியம் அண்ணன் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர். ஐந்து நாளாகத் தூக்கமில்லை. இனி நான் இருந்து என்ன ஆகப்போகிறது என்று முதல்நாள் சொன்னாராம். அக்கா லாரி சாவியைத் தன் கைப்பையில் ஒளித்து வைத்திருந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, இவரை வீட்டுக்கு அனுப்பவே கூடாது, மலாக்கா டவுனில் உள்ள மனநல அவசர மையத்தில் இன்றே சேர்க்க வேண்டும் என்றார். ஒப்புதல் கேட்காத பெரிய ஆஸ்பத்திரி என்றால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள், வரமாட்டேன் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். அந்த மையத்துக்கு மட்டும் அரைமனதாகத் தலையாட்டினார். அவர் மனம் மாறுவதற்குள் ஒப்புதல் வேண்டும்.

கணினிப் படிவமோ, பாதிக்கப்பட்ட உடல் பாகம் எது என்று கேட்டது. கை, கால், வயிறு, முதுகு, பல்கூட இருந்தது, மனசைக் காணோம். எதையாவது தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் நகராது. எதைப் போடட்டும் என்று அக்காவைக் கேட்டேன்.

"எல்லாத்தையும் போட்டுடும்மா. எங்க வலிக்குதுன்னு அவருக்கே தெரியல."

காயம் உண்டா?

தலை என்று போட்டேன். நாற்பது நிமிடம் கழித்து லைன் கிடைத்தது. காப்புறுதி அலுவலகத்தில் போனை எடுத்தவள் பெயர் சித்ரா. நம்ம தமிழ்ப் பிள்ளை என்று சந்தோஷப்பட்டேன். பேச்சு பதிவாகிறது என்பதால் அவள் மலாயில்தான் பேசினாள். தலையில் எத்தனை தையல் என்றாள். தையல் இல்லை, மனம் என்றேன். தன்னைக் காயப்படுத்திக்கொண்டாரா என்றாள். இன்னும் இல்லை என்றேன். காயம் இல்லையென்றால் அவசரமா இல்லையா என்று நோயாளியே போனில் சொல்ல வேண்டுமாம்.

பக்கத்தில் நின்ற தாதி ரோஹானா மலாய்க்காரி. எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவாள். அவளுக்கே பொறுக்கவில்லை.

"அலாமா! ரத்தம் வந்தாதான் அவசரமா? அப்புறம் டாக்டர் எதுக்கு லா?"

நலம் விசாரிப்பு

போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் முன்னால் வைத்தேன். சித்ரா எடுத்த எடுப்பில், "ஆப்பா கபார்?" என்று நலம் விசாரித்தாள். அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "கபார் பாய்க்" என்றார். நல்லா இருக்கேன்! இந்த நாட்டில் யார் கேட்டாலும் வாயில் தானாக வந்து விழுகிற பதில். காலில் கட்டுப்போட்டுப் படுத்திருப்பவனும் இதைத்தான் சொல்வான்.

சித்ரா தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நோயாளி நலம், விண்ணப்பம் மூடப்பட்டது, மூன்று வேலை நாள் கழித்து மறுபடி முயலலாம் என்றாள். அது மரியாதைக்குச் சொன்னது என்று நான் கத்தினேன். அவள் குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு வந்தாள்.

"நல்லா இருக்கேன்னு அவரே சொல்லிட்டாரு அக்கா, நான் என்ன பண்ண முடியும்?"

முன்னப்பின்ன தெரியாத பிள்ளை

அண்ணன் எழுந்துவிட்டார். வா போகலாம் என்று அக்காவிடம் லாரி சாவியைக் கேட்டார். அக்கா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எனக்குப் பயத்தில் கோபம்தான் வந்தது. "நல்லா இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னண்ணே?" என்று அவரிடமே எரிந்து விழுந்தேன். அவர் போனைக் காட்டினார்.

"அந்தப் பிள்ள வேல செஞ்சிக்கிட்டு இருக்கு. முன்னப்பின்ன தெரியாத பிள்ளகிட்டப் போய் எப்படிம்மா நல்லா இல்லைன்னு சொல்றது?"

போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது.  சித்ரா, பதிவாகிறது என்பதையும் பார்க்காமல், தமிழிலேயே கூப்பிட்டாள். "அங்கிள், என்கிட்ட சொல்லலாம். கேக்கத்தான் உட்கார்ந்திருக்கேன்." அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசையைப் பார்த்தபடியே பேசினார்.

"முடியலம்மா. சத்தியமா முடியல."

மூடிய விண்ணப்பத்தைச் சித்ரா மறுபடி திறந்து ஒப்புதல் எண் தந்தாள். அவர்கள் மையத்துக்குப் போகக் காரில் ஏறியபோது, கிளினிக்குக்கு வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அதில் டாக்டருக்குப் போனது பத்து நிமிடம், மிச்சமெல்லாம் ஒரு மனிதர் நோயாளி என்று எங்கள் சிஸ்டத்தை நம்பவைக்கவே போனது.