நரம்புக்கு அடியில் ஒரு கைக்குட்டை

சித்தியின் உகுலேலேயில், நரம்புகளுக்கு அடியில், ஊதாப் பூப்போட்ட ஒரு கைக்குட்டை செருகியிருக்கும். போன வாரம் திருமங்கலத்தில் அவள் வீட்டுக்குப் போனபோதும் அது அங்கேயே இருந்தது. பூ மட்டும் வெளுத்துவிட்டது. அதைச் செருக வைத்தவள் நான்தான்.

அம்மாவின் தங்கையான சித்தி அப்போது ஆனையூரில் எங்களோடு இருந்தாள். தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். தனக்கென்று அவள் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள், குட்டி கிட்டார் மாதிரி இருக்கும் அந்த நாலு நரம்பு வாத்தியம். உகுலேலேயிலேயே சின்ன ரகம். நரம்பு குட்டை, அதனால் நாதமும் பிறந்த வேகத்தில் போய்விடும். சித்திக்கு அந்தப் போகிற நாதம்தான் வேண்டும். ஒரு நரம்பைத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டால், அது தேய்ந்து அடங்கும்வரை அடுத்ததைத் தொடமாட்டாள். புது நரம்பு மாட்டிய நாட்களில் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். அலுக்காமல் அதன் காதைத் திருகிக்கொண்டிருப்பாள். "இம்புட்டுண்டு டப்பாவுல எம்புட்டு நேரம் நிக்குது பாரு" என்று பெருமைப்படுவாள். எனக்கோ அது நின்றதாகவே தெரியாது.

நான் பிளஸ் டூ வந்ததும் வீட்டில் கேபிளை வெட்டினார்கள். விருந்தாளிகளை வரவேண்டாம் என்றார்கள். அப்பா தும்முவதற்குக்கூட வாசலுக்குப் போனார். பிசிக்ஸ் எனக்கு ஏறவில்லை. பழியை யார் மேலாவது போட வேண்டியிருந்தது. "சித்தி, நீங்க வாசிச்சா படிச்சதெல்லாம் மறந்துபோகுது" என்றேன். கதவைச் சாத்தினால் கேட்காத சத்தம் அது. அவள் கைக்குட்டையை மடித்துச் செருகினாள். அதன்பிறகு நரம்பு 'டொக்' என்றது, அதோடு சரி. அதையும் மீறி ஏதாவது மிச்சம் ஒலித்தால் உள்ளங்கையால் அமுக்கிவிடுவாள்.

பரீட்சை முடிந்தது, மார்க் வந்தது. கேபிள் திரும்ப வந்தது, விருந்தாளிகள் வந்தார்கள், அப்பா நடுவீட்டில் நின்று தும்மினார். சித்தியிடம் மட்டும் கைக்குட்டையை எடுத்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான். சொன்னால் பொய் வெளியாகிவிடுமே என்று தள்ளிப்போட்டேன். நான் காலேஜுக்குப் போனேன், அவள் கல்யாணமாகித் திருமங்கலம் போனாள். கைக்குட்டையும் கூடவே போயிருக்கிறது. எப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கும்.

போன வாரம் அதை நானே உருவி எடுத்தேன். அப்போது அவள் வாசித்தது எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, சும்மாதான் சொன்னேன் என்று ஒருவழியாகச் சொல்லியும் விட்டேன்.

"தெரியும் பாப்பா" என்றாள் சித்தி. "பரீட்ச முடிஞ்சதும் நீ எடுக்கச் சொல்லுவேன்னு இருந்தேன். பெறகு பழகிப்போச்சு."

வாசிக்கச் சொன்னேன். மேல் நரம்பைத் தட்டினாள். நாதம் தெளிவாக எழுந்தது. நான் தலையைச் சாய்ப்பதற்குள் அவள் உள்ளங்கை தானாகப் போய் நரம்புகளை மூடிக்கொண்டது. மறுபடி தட்டினாள். மறுபடியும் கை போனது.

"நான் என்ன செய்ய, கை கேக்க மாட்டேங்குதே" என்று சிரித்தாள். பிறகு கைக்குட்டைக்காகக் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.