கண்ணாடி கண்ட முகம்

அவளை எல்லோரும் அளவுக்காரி என்பார்கள். கடைப் படியேறி வருபவரின் தோளளவைக் கண்ணாலேயே சொல்லிவிடுவாள், நாடா பிறகுதான். அவள் தைத்த சட்டை இறுக்குகிறதென்று யாரும் திரும்பி வந்ததில்லை.

தங்கைக்கும் ஊசிதான் பிழைப்பு. மெழுகு பூசிய செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் ஊறவைத்து, மையேற்றித் தாளில் அச்செடுப்பாள். முதல் தடவையாக ஒரு கண்காட்சியில் படம் கேட்டிருந்தார்கள். தைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, அவளையே கீறினாள்.

ஈரம் காய்ந்த அச்சைக் கடைக்கு எடுத்து வந்தபோது, முதலில் எட்டிப் பார்த்தவர் அக்காவின் கணவர்.

"மச்சினி, உங்க அக்கா எப்போ இடதுகைக்காரி ஆனா? மெஷின் சக்கரமும் இடப்பக்கம் போயிடுச்சே! எந்தக் கடையில வாங்கினது?"

தங்கைக்கு முகம் செத்துவிட்டது. அச்சில் இடம் வலமாகும். தகட்டில் மாற்றிக் கீற வேண்டும். அக்காவைப் பார்த்த லயிப்பில், பார்த்தபடியே கீறிவிட்டாள்.

"போச்சு அத்தான். தகட்டைத் தேய்ச்சு அழிச்சிடறேன். கண்காட்சிக்கு வரலைன்னு சொல்லிடறேன்."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அளவுக்காரி கணவரிடம். "கொடுடி இங்க."

உள்ளங்கைக்குள் அடங்கும் படம். தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளத்தை, இஸ்திரி போட்ட மடிப்பைத் தடவுவதுபோல் விரலால் தடவினாள். கழுத்திலிருந்து தோள்வரை ஒரே கோடு. ஊசியை இடையில் எடுத்ததாகத் தெரியவில்லை. ரவிக்கையின் நிழல், இழையோட்டிய துணிபோலக் கோட்டின்மேல் கோடாய் அடர்ந்திருந்தது. மடியில் கிடந்த துணிக்கு ஒரு கீறலும் இல்லை. வெறும் தாளே வெளிச்சமாகியிருந்தது. கிழிசலைத் தைப்பவளின் கவலை அந்த முகத்தில் இல்லை. தையல் நேராகத்தான் போகும் என்று தெரிந்தவளின் முகம்.

மெஷினில் போய் உட்கார்ந்தாள். எதிர்ச்சுவரில், வாடிக்கையாளர்களுக்கான ஆளுயரக் கண்ணாடி. சக்கரத்தில் கை வைத்து, தங்கையிடம் படத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாள்.

கை, சக்கரம், மோவாய்த் தழும்பு. கண்ணாடியில் எந்தப் பக்கமோ, படத்திலும் அந்தப் பக்கம்.

"இத்தனை வருஷமா தலை நிமிர்ந்தப்பல்லாம் நான் பார்த்த ஆள் இவதான். நீங்கெல்லாம் பார்க்கிறவளைத்தான் நான் பார்த்ததே இல்லை."

"பார்க்கிறவங்க தப்புன்னு சொல்வாங்களேக்கா?"

"சொல்லட்டுமே. அளவு சரியா இருக்கு. அழிச்சே, கத்திரியாலயே அடிப்பேன்."

கணவர் கண்ணாடியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

தங்கை படத்தை வெட்டுமேசையில் வைத்தாள். அளவுக்காரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினாள்.

"கீழே உன் பேரைப் போடு. அதையாவது நேரா எழுது."