நாலடி தள்ளி ஒரு பெட்டி

சுருளியாண்டிக்கு ஐம்பத்து நாலு வயதில்தான் மாதச் சம்பளம் என்ற ஒன்று வாய்த்தது. அனுமந்தன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில், ஆராய்ச்சிக்காரர்களின் பெட்டிக்குக் காவல். மூன்று மாதத்துக்குத்தான் பேச்சு. செவ்வாய்க்கிழமைச் சோதனை நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று சாதியா சொல்லியிருந்தாள். கம்பத்துப் பெண், ஆராய்ச்சி அவளுடையது.

விஷயம் இதுதான். மேகமலைச் சரிவில் ஒரு கோபுரமும் கோம்பை மலையில் ஒரு கோபுரமும் துளித்துளியாக வெளிச்சம் அனுப்பும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பெட்டி அக்கணமே பதில் சொல்ல வேண்டும். பதில் வந்து சேரும் நேரத்தை வைத்துப் பெட்டி இருக்கும் இடத்தை அடி சுத்தமாகக் கணக்கிட்டுவிடுவார்கள். அந்த ஒளித்துளியை நகல் எடுக்க முடியாது. எடுக்கப் போனால் கெட்டுவிடும். ஆகவே வேறெங்கோ இருந்துகொண்டு ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று எவனும் புளுக முடியாது. வீட்டில் குளித்துக்கொண்டே ‘வீரபாண்டி தாண்டிட்டேன்’ என்று போனில் சொல்லும் சுருளியாண்டியைப் போய் இதற்குக் காவல் வைத்தார்கள்.

சோதனை மூன்றரைக்கு. பெட்டியைத் தோட்டத்து அடையாளக் கல்லில் அப்போதுதான் ஏற்ற வேண்டும், முந்தக் கூடாது என்பது சாதியாவின் கண்டிப்பு. சரியான ராகு காலம். அந்த நேரத்தில் பெட்டியைக் கல்லில் ஏற்றினால் வேலை விளங்குமா? மனிதர் பரஸ்தானம் செய்துவிட்டார். பயண நேரம் சரியில்லாவிட்டால் முன்கூட்டியே நல்ல நேரத்தில் ஒரு பையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, கிளம்பியாயிற்று என்று கணக்குக் காட்டுவோமே, அதேதான். இரண்டே முக்காலுக்குப் பெட்டியைக் கொட்டகையிலிருந்து எடுத்து, அடையாளக் கல்லுக்கு நாலடி முன்னால் வைத்து, சூடம் காட்டி, சுவிட்சையும் போட்டார். நாலரைக்கு மேல் கல்லில் ஏற்றிக்கொள்ளலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

மூன்றரைக்கு உத்தமபாளையத்திலிருந்து சாதியாவின் போன். அவள் பக்கத்தில், சோதனையைப் பார்க்க வந்த சென்னை அதிகாரிகள்.

“அண்ணே, பெட்டி கல்லு மேல இருக்கா?”

“கல்லு மேலதேன் ஆத்தா. கும்முனு ஒக்காந்திருக்கு.”

“இல்லையேண்ணே. நாலடி தள்ளி இருக்குன்னு காட்டுது.”

சுருளியாண்டிக்கு வேர்த்துவிட்டது. எவனாவது பார்த்துச் சொல்கிறானா என்று பந்தலைச் சுற்றிப் பார்த்தார். ஒரு காக்கை கூட இல்லை. போச்சு, சம்பளம் போச்சு. பெட்டி பழுதாகிவிட்டது என்று சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பிள்ளை ராப்பகலாக உழைத்தது வீணாகிவிடும். அதற்கு மனசு வரவில்லை.

“ராகு காலம் ஆத்தா. அதேன் தள்ளி வச்சேன். பெட்டி மேல குத்தமில்ல, பொய் சொன்னது நாந்தேன். அவுககிட்ட சொல்லிரு.”

அவள் அதை அப்படியே அதிகாரிகளிடம் சொல்வது கேட்டது. பிறகு போனுக்குள் நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

“பொய்யச் சொன்னா பெட்டி கண்டுபிடிக்குமான்னு பாக்கத்தாண்ணே இவுக வந்ததே” என்றாள் சாதியா. “நீங்க இருங்கண்ணே, வேலை நிரந்தரம்னு சொல்லிட்டாக. ஆனா இனிமே நாங்க கேட்டா மட்டுந்தேன் பொய் சொல்லணும்.”

சுருளியாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையை ஒப்புக்கொண்டதற்கு அவர் இத்தனை நாளும் வசவு மட்டும்தான் வாங்கியிருக்கிறார்.