பெருமாள் படத்தில் சிவப்புக் குறி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு புரட்டாசிக்கும் பேனாவை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், வெட்கமாகிவிடும், மூடி வைத்துவிடுவேன். பத்தாவதுக்கு மேல் படிக்காதவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. லைனில் வரும் பாகங்களை எடுத்து விளக்கடியில் திருப்பிப் பார்ப்பேன். கீறலோ பிசிறோ இருந்தால் சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டு ஓரமாக வைக்க வேண்டும். குறையுள்ள பாகம் ஒன்று குறி போடாமல் நல்லதோடு கலந்துவிட்டால் சூப்பர்வைசர் லைனையே நிறுத்திவிட்டுக் கத்துவார். அதனால் கண் குறையைப் பார்க்கும்போதே கட்டைவிரல் மார்க்கர் மூடியைத் தள்ளிவிடும். நான் நினைத்துச் செய்வதில்லை. அந்த மார்க்கர் பையிலேயே இருந்து வீட்டுக்கும் வந்துவிடும்.

வீடு ஸ்ரீபெரும்புதூரில். மாமியார் எங்களோடுதான் இருந்தார். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்து கட்டிலோடு கிடந்தார். அதற்கு முன் சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர். சாமி புறப்பாடு எங்கள் சந்துக்குள் வராது, மேளச் சத்தம்தான் வரும். அது கேட்டால் வலது கையை மட்டும் தூக்கி நெற்றியில் வைத்துக்கொள்வார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மாப்ள, எனக்கு அவரு கண்ணப் பாக்கணும். காலண்டர்ல கீறவரு வேற யாரோ மாதிரி கீறாரு."

அந்தச் சித்திரையில் வீதியில் எழுந்தருளிய பெருமாளைப் படம் எடுத்தேன். ஸ்டுடியோவில் போட்டுக் கொடுத்த படத்தில் நகையெல்லாம் மஞ்சள் தூளைக் கொட்டியது போல இருந்தது. குடை நிழலில் திருமுகம் ஒரே இருட்டு. ஆனால் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கண் இருந்தது.

கம்பெனி வரவேற்பறையில் பெரிய படங்கள் மாட்டியிருந்தார்கள். பளபளப்பு இல்லாத கெட்டித் தாள்; நிழலுக்குள்ளும் நூல் நூலாகத் தெரியும். இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்ததுதான் என்று மாட்ட வந்தவர் சொன்னார். அந்த மாதிரி ஒரு படம் நானே செய்து, புரட்டாசி முதல் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை படைப்பதற்குள் மாமியார் கட்டிலுக்கு எதிரே மாட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

யாரோ கழித்த கம்ப்யூட்டர் ஒன்றும், ஆறு மை போடும் பிரிண்டர் ஒன்றும் வீட்டுக்கு வந்தன. நெகட்டிவை ஸ்கேன் செய்து சிடியில் வாங்கிவந்தேன். திரையில் பார்த்த நிறம் தாளில் வரவே இல்லை. முதல் படத்தில் திருமேனி பச்சை பாய்ந்திருந்தது. பச்சையைக் குறைத்தால் பீதாம்பரம் ரோஸ் ஆனது. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். டியூப்லைட்டில் சரியாக இருந்தது வாசல் வெயிலில் செவேலென்று தெரிந்தது. மை வரும் துளை அடைத்துக்கொண்டால் முகத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு விழும். ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்து, நாமம் இட்டுக்கொண்டுதான் பிரிண்டரைத் தொடுவேன். சரியில்லாத படத்தைக் குப்பையில் போட மனம் வருமா? யார் காலும் படக் கூடாது என்று மஞ்சள் துணியில் சுற்றி பீரோ மேல் வைத்தேன். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவன்தான்.

ஒரு வழியாக நல்ல படம் வந்தது. கண் தெரிந்தது. அது காய்ந்துகொண்டிருந்த அன்று, புரட்டாசிக்காக வீடு கழுவிய மனைவி பீரோ மேலிருந்த மூட்டையை இறக்கிப் பிரித்தாள்.

"ஏங்க, இன்னாங்க இது?"

எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும், மூலைக்கு மூலை, பெருமாளின் முகத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. என் கைதான். எப்போது போட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை.

"கொண்டா டீ இங்க," என்றார் மாமியார் மகளிடம்.

"ஒண்ணுமில்லம்மா, வேஸ்ட்டு பேப்பரு."

"வேஸ்ட்டு பேப்பருக்கு இன்னாத்துக்கு மஞ்சத்துணி? குடு."

ஒரு தாளை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, பெருமாளையே ஃபெயிலாக்கிட்டீங்களா?"

மனைவி பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியாரும் பாதி வாயால் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. தாளை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பைக் கட்டைவிரலால் தேய்க்க ஆரம்பித்தார்.

என்னால் பார்க்க முடியவில்லை. "குடுங்க அத்தை, தொடச்சிடறேன்," என்று பிடுங்கி ஈரத்துணியால் துடைத்தேன். பிரிண்டர் மை தண்ணீரில் கரைவது, மார்க்கர் கரையாதது. இது தெரிந்தவன்தான் நான், அந்த நேரத்தில் தோன்றவில்லை. திருமுகம் நீலமும் சிவப்புமாக வழிந்து துணியோடு வந்துவிட்டது. பெருக்கல் குறி அப்படியே நின்றது.

"வுட்ருங்க மாப்ள," என்றார் மெதுவாக. "கீறத அழிக்காதீங்க. எல்லாம் அவருதான். அந்த நல்ல படத்துக்குப் பின்னாடியே வெச்சி ஃப்ரேம் போடுங்க."

அப்படியே செய்தேன், வழிந்துபோன அந்தத் தாளையும் சேர்த்து. பின்பலகை புடைத்துக்கொண்டு நின்றது.

சனிக்கிழமை படத்தை மாட்டி, மாவிளக்கு ஏற்றி, கோவிந்தா சொன்னோம். மாமியார் வெகுநேரம் பார்த்தார். வலது கையைத் தூக்கி நெற்றியில் வைத்தார். "அவருதான்," என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவருக்குத் தரிசனம் கிடைத்துவிட்டது.

எனக்குக் கிடைக்கவில்லை. ஆரத்தி காட்டும்போது நான் கண்ணைப் பார்க்கவில்லை. இடது மூலையில் நிழல் கொஞ்சம் கனத்துவிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டைப் பிடித்திருந்த கையில் கட்டைவிரல், அங்கே இல்லாத மார்க்கர் மூடியைத் தள்ளியது.

சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள், மாமியாருக்கு வீட்டிலேயே தரிசனம் செய்து வைத்த மருமகன் என்று. நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். படிக்கிற நீங்கள் யாருக்காவது இதைச் சொல்வதானால் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். படத்துக்குப் பின்னால் இருப்பதையும், ஆரத்தியில் என் விரல் அசைந்ததையும் விட்டுவிடாமல், எனக்காக ஒன்றும் குறைக்காமல், இப்படியே சொல்லுங்கள்.